குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருக்கா? கத்தரிக்கு முன்னாடி பால் குடிக்கிறதைப் பாருங்க!

ஸ்ரீபெரும்புதூர்:

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்து 8 நாள்தான் ஆகிறது. குழந்தை மார்பில் வாய் வைக்கிறது. ரெண்டு இழுப்பு இழுக்கிறது. நழுவி விடுகிறது. வீறிட்டு அழுகிறது. அரை மணி நேரத்தில் மறுபடியும் பசி. அம்மாவுக்கோ காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. குழந்தையை மடியில் போட்டாலே பயம்.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்சில் வந்து இறங்குகிறார் அப்பா. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்த பாட்டி சொல்கிறார். "நாக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்குப்பா. அதான் பால் இழுக்க மாட்டேங்குது. அறுத்து விட்டாத்தான் பேச்சும் வரும்."

பக்கத்து வீட்டு அக்கா, "பால் பத்தலை, டப்பா பால் வாங்கிடு" என்கிறார். செல்போனைத் திறந்தால், "உடனே லேசர் பண்ணுங்க" என்று ஒரு வீடியோ. யார் சொல்வதைக் கேட்பது?

சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம், மாத்தூர், படப்பை என்று கம்பெனிகளைச் சுற்றி லைன் வீடுகளில் குடியிருக்கும் இளம் ஜோடிகள் ஏராளம். வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்றால், இங்கே எத்தனை இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று பார்த்துக் கொள்ளுங்கள். நாளைக்கு இவர்கள் தாயாகும்போது, ராத்திரி 2 மணிக்குக் குழந்தை அழுதால் கேட்க அம்மாவும் அத்தையும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

அவர்களுக்காகத்தான் இந்த விவரம்.

நாக்கு ஒட்டு என்றால் என்ன?

கண்ணாடி முன்னால் நின்று உங்கள் நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, நாக்கை வாயின் அடித்தளத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும். இது எல்லாருக்கும் உண்டு. இருந்தால் நோய் இல்லை.

சில குழந்தைகளுக்கு இந்தச் சவ்வு குட்டையாக, தடிப்பாக, அல்லது நாக்கின் நுனி வரைக்கும் ஒட்டியபடி இருக்கும். அதனால் நாக்கைத் தூக்கவோ, வெளியே நீட்டவோ முடியாது. இதைத்தான் ஊரில் நாக்கு ஒட்டு என்கிறோம். டாக்டர்கள் 'டங் டை' என்பார்கள்.

இது வயிற்றில் இருக்கும்போதே வருவது. கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது, கர்ப்பத்தில் அதைத் தின்றதால் வந்தது என்று மருமகளைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் அதிகம். அப்பாவுக்கோ, மாமாவுக்கோ இருந்திருந்தால் குழந்தைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு.

ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், 100 குழந்தை பிறந்தால் சுமார் 4 முதல் 10 குழந்தைகளுக்கு ஏதோ ஓர் அளவில் நாக்கு ஒட்டு இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. நாக்கு ஒட்டு உள்ள குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லாமல் தாய்ப்பால் குடித்து வளர்ந்து விடுகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையே இதைச் சொல்கிறது.

அதாவது, நாக்கைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணக் கூடாது. பால் குடிப்பதைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

என்னென்ன அடையாளம்?

குழந்தையிடம் பார்க்க வேண்டியவை:

* அழும்போது நாக்கு மேலே எழும்பாமல் அடியிலேயே கிடக்கும். ஓரம் மட்டும் தூக்கிக் கிண்ணம் மாதிரி தெரியும்.

* நாக்கை நீட்டினால் கீழ் ஈறைத் தாண்டி வராது. நுனி நடுவில் பள்ளம் விழுந்து, சீட்டுக்கட்டு ஆட்டின் மாதிரி இருக்கும்.

* மார்பைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் நழுவி நழுவி விடும்.

* குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். கடைவாயில் பால் ஒழுகும்.

* ஒரு மணி நேரம் மார்பிலேயே கிடந்தாலும் வயிறு நிறைந்த மாதிரி தெரியாது. களைத்துப் போய் தூங்கும். உடனே எழுந்து அழும்.

* எடை சரியாக ஏறாது.

தாயிடம் பார்க்க வேண்டியவை:

* பால் கொடுத்து முடித்ததும் காம்பு நசுங்கி, ஒரு பக்கம் சீவிய லிப்ஸ்டிக் மாதிரி இருக்கும்.

* காம்பில் வெடிப்பு, புண், ரத்தம். முதல் சில நாள் கொஞ்சம் வலி சகஜம்தான். நாளாக நாளாக வலி கூடினால் அது சகஜம் இல்லை.

* குழந்தை முழுசாக இழுக்காததால் பால் கட்டிக் கொண்டு மார்பு கல் மாதிரி ஆவது, காய்ச்சல் வருவது.

இதில் ஒன்று இருந்தாலே நாக்கு ஒட்டு என்று அர்த்தம் இல்லை. நாக்கில் ஒட்டும் இருந்து, பால் குடிப்பதிலும் தகராறு இருந்தால்தான் டாக்டர் அதைப் பற்றி யோசிப்பார்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

சோப்பு போட்டு கையை நன்றாகக் கழுவுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். குழந்தை அழும்போதோ கொட்டாவி விடும்போதோ நாக்கு எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். கீழ் உதட்டை லேசாகத் தடவினால் குழந்தை தானாக நாக்கை நீட்டும். ஈறைத் தாண்டி வருகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான். நாக்கைப் பிடித்து இழுப்பது, சவ்வை விரலால் நெம்புவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இதைவிட முக்கியமான கணக்கு ரெண்டு இருக்கிறது.

ஒன்று, மூத்திரம். பிறந்து 5 நாள் ஆன பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு 6 தடவைக்கு மேல் மூத்திரம் போனால் ஓரளவுக்கு பால் உள்ளே போகிறது என்று நம்பலாம்.

ரெண்டு, எடை. பிறந்த முதல் சில நாளில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் குறையும். பயப்பட வேண்டாம். ஆனால் 2 வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி வந்து விட வேண்டும். அதற்கப்புறம் முதல் சில மாதங்களுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். அங்கன்வாடியிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை போட்டு தாய்-சேய் நல அட்டையில் குறித்து வாங்குங்கள். ஒன்றரை மாச ஊசி போடும் நாள் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. "பால் பத்தலை" என்று பக்கத்து வீட்டில் சொல்வதை நம்புவதற்கு முன்னால் தராசு சொல்வதைக் கேளுங்கள்.

ஒட்டு இல்லாமலும் இதே தொல்லை வரும்!

குழந்தை மார்பை நழுவ விடுவதற்கும், தாய்க்குக் காம்பு வெடிப்பதற்கும் ரொம்ப சாதாரணமான காரணம் நாக்கு ஒட்டு இல்லை. குழந்தையைத் தவறாகப் பிடித்துப் பால் கொடுப்பதுதான்.

காம்பை மட்டும் வாயில் வைத்தால் குழந்தை அதைச் சப்பும், பால் வராது, காம்பு புண்ணாகும். சரியான முறை இதுதான்:

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலை, கழுத்து, முதுகு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும். மேலுதட்டில் காம்பால் தொட்டால் குழந்தை வாயை ஆவென்று திறக்கும். அந்த நேரத்தில் குழந்தையை மார்பை நோக்கி இழுத்து அணையுங்கள். மார்பைக் குழந்தையிடம் தள்ளாதீர்கள். காம்பைச் சுற்றியுள்ள கருப்பு வட்டத்தில் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பக்கம், வாய்க்குள் போக வேண்டும். மோவாய் மார்பைத் தொட வேண்டும். கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும்.

இதை நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு தடவை காட்டிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும். டிஸ்சார்ஜ் ஆகி வருவதற்கு முன்னால், வெட்கப்படாமல், "சிஸ்டர், ஒரு தடவை பக்கத்துல இருந்து பாருங்க" என்று கேளுங்கள்.

குறை மாதத்தில் பிறந்தது, மஞ்சள் காமாலை, வாயில் வெள்ளைப் பூஞ்சை, மேல் அண்ணத்தில் பிளவு, இதயக் கோளாறு இவையும் குழந்தை பால் குடிக்காததற்குக் காரணமாக இருக்கலாம். நாக்கு ஒட்டு என்று நாமே முடிவு கட்டி உட்கார்ந்தால், இந்த நோய்கள் கண்ணில் படாமல் போய் விடும். ஆபத்தே அதுதான்.

அதுவரைக்கும் வயிறு காயக் கூடாது

டாக்டரைப் பார்த்து முடிவு தெரிய ரெண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை குழந்தையைப் பட்டினி போட முடியாது. அதற்காக உடனே பால் புட்டியைத் தூக்கவும் வேண்டாம். நம் பாட்டிமார் கைவசம் வைத்திருக்கும் பாலாடை இருக்கிறதே, அது போதும்.

கையாலோ, பம்ப் வைத்தோ தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுங்கள். குழந்தையின் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாயில் ஊற்றிவிடாதீர்கள். விழுங்கிய பிறகு அடுத்தது. பாலாடையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சி எடுத்துக் கொண்டே இருந்தால்தான் பால் ஊறிக் கொண்டே இருக்கும். மார்பைக் காலி செய்யாமல் விட்டால் ஒரு வாரத்தில் பால் குறைய ஆரம்பித்து விடும். டப்பா பால் வாங்கிய பல வீடுகளில் தாய்ப்பால் நின்று போவது இப்படித்தான்.

புட்டியில் குழந்தை மடமடவென்று குடிக்கிறதே என்று பார்த்து, "பாத்தியா, உனக்குத்தான் பால் இல்லை" என்று சொல்லி விடாதீர்கள். புட்டியில் பால் தானாகவே ஒழுகும். மார்பில் நாக்கைப் போட்டு இழுத்தால்தான் வரும். நாக்கு ஒட்டு உள்ள குழந்தைக்கு புட்டி சுலபமாகத் தெரிவது அதனால்தான். தாயின் குறை இல்லை அது.

எப்போது வெட்ட வேண்டும்?

நாக்கில் ஒட்டு இருக்கிறது. முறையாகப் பால் கொடுக்கக் கற்றுக் கொடுத்தாகி விட்டது. வேறு நோய் இல்லை என்று டாக்டர் பார்த்தாகி விட்டது. இத்தனைக்குப் பிறகும் குழந்தை இழுக்கவில்லை, எடை ஏறவில்லை, தாயின் காம்பு ஆறவில்லை என்றால் சவ்வை வெட்டி விடுவது நல்லது. அப்போது தயங்கித் தயங்கி மாதக்கணக்கில் தள்ளிப் போடவும் கூடாது.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை என்றால் இது சின்ன வேலைதான். குழந்தையைத் துணியில் சுற்றி, நர்ஸ் தலையைப் பிடித்துக் கொள்வார். டாக்டர் நாக்கைத் தூக்கி, மெல்லிய சவ்வை மட்டும் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுவார். சில நிமிடத்தில் முடிந்து விடும். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. சில சொட்டு ரத்தம் வரும். உடனே தாய் மார்பில் போட்டுப் பால் கொடுக்கச் சொல்வார்கள். அதுவே அழுகையையும் நிறுத்தும், ரத்தத்தையும் நிறுத்தும்.

வெட்டிய இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். சீழ் இல்லை அது. ஒன்றிரண்டு வாரத்தில் ஆறி விடும். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பல் முளைத்த, கொஞ்சம் பெரிய குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். சில சமயம் தையல் போட வேண்டி வரும்.

எந்த வெட்டும் முழுக்க முழுக்க ஆபத்து இல்லாதது கிடையாது. ரத்தக் கசிவு, புண், எச்சில் குழாயில் அடிபடுவது, மறுபடி ஒட்டிக் கொள்வது எல்லாம் அபூர்வமாக நடக்கக் கூடியவை. அதனால் குழந்தைக்குப் பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருக்கிறதா என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

லேசர்தான் உசத்தி, கத்தரி பழசு என்று யாராவது சொன்னால் நம்பி அதிகப் பணம் கட்ட வேண்டாம். கத்தரியைவிட லேசர் மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை. வெட்டிய பிறகு தினமும் புண்ணை விரலால் நீவி விடச் சொல்வதையும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கவில்லை. மேல் உதட்டுச் சவ்வையும் சேர்த்து வெட்டினால் பால் நன்றாகக் குடிக்கும் என்பதற்கும் சரியான ஆதாரம் கிடையாது.

115 குழந்தைகளில் 72 பேருக்குத் தேவையே இல்லை!

அமெரிக்காவில் நாக்கு ஒட்டு என்று எழுதப்பட்ட பச்சைக் குழந்தைகளின் எண்ணிக்கை 1997-க்கும் 2012-க்கும் இடையில் 8 மடங்காகி விட்டது. குழந்தைகளின் நாக்கு மாறவில்லை. பார்க்கிற பார்வைதான் மாறியது.

அங்கே பாஸ்டன் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. 2019-ல் வெளியானது. நாக்கு ஒட்டை வெட்ட வேண்டும் என்று அனுப்பப்பட்ட 115 குழந்தைகளை, வெட்டுவதற்கு முன்னால் பால் குடிப்பதைச் சரியாக கவனிக்கும் நிபுணர்களிடம் காட்டினார்கள். முறையைத் திருத்திக் கொடுத்ததும் 72 குழந்தைகளுக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. மூன்றில் ரெண்டு பங்குக்கு அருகில்!

வெட்டினால் பலனே இல்லையா? இருக்கிறது. 302 குழந்தைகள் கலந்து கொண்ட 5 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2017-ல் அலசினார்கள். வெட்டிய பிறகு தாயின் காம்பு வலி சில நாட்களுக்காவது குறைந்தது தெரிந்தது. ஆனால் குழந்தை பால் குடிப்பது எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி முன்னேறவில்லை. தேவையான குழந்தைக்குச் செய்தால் பலன், தேவையில்லாத குழந்தைக்குச் செய்தால் வலி மட்டும் மிச்சம்.

கோழிக்கோட்டில் நடந்தது என்ன?

நாக்கு ஒட்டு கண்ணில் பட்டது என்பதற்காகவே கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

2024 மே 16-ந்தேதி. கேரள மாநிலம் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியின் தாய்-சேய் ஆஸ்பத்திரி. கையில் 6-வது விரல் இருந்த 4 வயது சிறுமியை, அந்த விரலை எடுப்பதற்காகப் பெற்றோர் சேர்த்திருந்தனர். ஆபரேஷன் தியேட்டரில் இருந்து சிறுமி வெளியே வந்தபோது, வாயில் பஞ்சு வைத்திருந்தது. விரல் அப்படியே இருந்தது. நாக்கில் ஆபரேஷன் நடந்திருந்தது!

நாக்கில் எந்தக் குறையும் இருப்பதாக நாங்கள் சொல்லவே இல்லையே என்று குடும்பத்தார் அதிர்ந்து போனார்கள். சிறுமிக்கு நாக்கு ஒட்டு இருந்ததைக் கவனித்ததாக ஆஸ்பத்திரி தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. பிறகு சிறுமியை மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு போய் விரலை எடுத்தார்கள். விவகாரம் பெரிதானதும் அந்த டாக்டர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்.

இதில் நமக்கு உள்ள பாடம், டாக்டர்களைக் கண்டு பயப்படுவது இல்லை. கேள்வி கேட்கக் கற்றுக் கொள்வது. கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் என்ன ஆபரேஷன், உடம்பில் எந்த இடம் என்று எழுதியிருக்கிறது? இங்கிலீஷ் புரியவில்லை என்றால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

"டாக்டர், வெட்டாம விட்டா என்ன ஆகும்? பால் கொடுக்கிற முறையை மாத்திப் பார்த்துட்டு ரெண்டு நாள் கழிச்சு வரலாமா?" இந்த ரெண்டு கேள்வியைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக் கொள்ள மாட்டார்.

பேச்சு வராதா?

தாய்மார்களுக்கு உள்ள பெரிய பயம் இதுதான். நாக்கு ஒட்டு இருந்தால் குழந்தை ஊமையாகி விடும் என்பது தவறு. பேச்சு என்பது காது, மூளை, பழக்கம் மூன்றும் சேர்ந்து வருவது. நாக்கு ஒட்டினால் பேச்சே வராமல் போகாது.

ஒட்டு அதிகமாக இருந்தால், நாக்கை மேலே தூக்கிச் சொல்ல வேண்டிய ர, ல, ள, ழ, ட போன்ற எழுத்துகளில் சிலருக்குத் தடுமாற்றம் இருக்கலாம். ஆனால் ஒட்டே இல்லாத சின்னப் பிள்ளைகளும் 'பழம்' என்பதைப் 'பயம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வளர வளரத் தாங்களே சமாளித்துக் கொள்கிறார்கள். நாளைக்குப் பேச்சு வர வேண்டுமே என்று பச்சைக் குழந்தைக்கு முன்கூட்டியே வெட்டி வைக்க ஆதாரம் இல்லை.

2 வயதாகியும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. கூப்பிட்டால் திரும்புகிறதா என்று கவனியுங்கள். காது பரிசோதனையும், பேச்சுப் பயிற்சி நிபுணரின் ஆலோசனையும் முடிந்த பிறகுதான் நாக்குக்கு வர வேண்டும். நாக்கின் மேல் பழியைப் போட்டு, கேட்காத காதை விட்டு விட்டால் இழப்பு பெரிது.

இதெல்லாம் கூடாது!

* நாக்கில் தேன் தடவுவது வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக் கூடிய கிருமியால் குழந்தைக்குக் கை கால் தளர்ந்து, மூச்சுத் திணறும் அளவுக்குப் போகலாம்.

* வசம்பைச் சுட்டுத் தேய்த்தால் நாக்கு பிரளும் என்பது நம்பிக்கைதான். ஒட்டிய சவ்வு இதனால் விலகாது.

* நகத்தால் கீறுவது, பிளேடால் அறுப்பது, நூலால் கட்டுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. நாக்குக்கு அடியில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன.

* தொக்கம் எடுக்கிறேன், உரம் எடுக்கிறேன் என்று வாயில் கை விடுபவர்களிடம் பச்சைக் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.

* நாக்கில் வெள்ளையாக இருப்பதைத் துணி போட்டுச் சுரண்டக் கூடாது. பால் படிவு என்றால் தானாகப் போகும். போகாமல் திட்டுத் திட்டாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கே போகலாம்?

முதலில் உங்கள் ஏரியா கிராம சுகாதார நர்சிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரி, காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை என்று அடுத்தடுத்துப் போகலாம். குழந்தை டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் ஆகியோர் இதைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போட்டுக் கேட்கலாம்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் தொழிலாளிக்கு மட்டும் இல்லை, மனைவி குழந்தைக்கும் சிகிச்சை உண்டு. காண்டிராக்டில் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இந்த உரிமை உண்டு. குழந்தை பிறந்ததும் அதன் பெயரை இ.எஸ்.ஐ. பதிவில் சேர்த்து விடுங்கள்.

தகுதியுள்ள பெண் தொழிலாளிக்கு முதல் 2 பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பால் கொடுக்க தினமும் 2 இடைவேளை கேட்கலாம். குழந்தை வீட்டில் இருக்கிறது, கம்பெனி தூரம் என்றால், அந்த நேரத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்து மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில் வைக்கலாம். வெளியே வைத்தால் 4 மணி நேரத்துக்குள் கொடுத்து விட வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு அதற்கும் முன்னாலேயே கொடுப்பது நல்லது. பிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், பால் குடிப்பதையே நிறுத்தினால், மூத்திரம் குறைந்து போனால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாக இருந்தால், காய்ச்சல் அடித்தால், உடம்பு ஜில்லிட்டால், மூச்சு வாங்கினால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாக்கு ஒட்டா இல்லையா என்று ஆராய்ச்சி பண்ணிக் கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, பாட்டி வாயைத் திறந்து பார்த்து, "ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று சொன்னால் அவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கும். "சரிம்மா, நாளைக்குக் காலையில போய் எடை போட்டுட்டு, நர்சம்மா கிட்ட பால் குடிக்கிறதைக் காட்டலாம்" என்று சொல்லுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா தூங்கப் போவதற்கு முன்னால் ஒரு நடை கூடப் போய் வரட்டும். பச்சை உடம்புக்காரியை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.